ஃபால்ஸ் வைத்த பட்டம்

என் தையல் பிரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊர் புக்கிட் பெலிம்பிங்கில் என்னிடம் ரவிக்கை தைத்துக்கொண்ட யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். துணி நைந்து போகும், சாயம் போகும், போட்டுக்கொண்டவரின் உடம்பு இரண்டு சுற்று பெருக்கும். நான் போட்ட தையல் மட்டும் போட்ட இடத்தில் இருக்கும். அதனாலேயே பிரித்துத் தைக்கும் வேலையை நான் எடுப்பதில்லை. உடம்பைக் குறைத்துக்கொண்டு வா, இல்லையென்றால் புதுத் துணி எடுத்துக்கொண்டு வா என்று வாசலிலேயே சொல்லிவிடுவேன். இதனால் எனக்குச் சில எதிரிகள் உண்டு. எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எனக்குப் பின்வரிசையில்தான் உட்காருகிறார்கள். பூசை முழுக்க என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், எங்கேயாவது நூல் தொங்குகிறதா என்று.

அளவெடுக்கும் நாடாவையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. நாடாவைச் சுற்றினாலே பெண்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். தைத்து முடித்ததும் மூச்சை விடுவார்கள், பழி என் மேல் விழும். ஆகவே யார் வந்தாலும், போட்டுப் பழகிய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொண்டுவரச் சொல்வேன். அளவு ரவிக்கை பொய் பேசாது. கக்கத்தில் நைந்திருந்தால் கையை வீசி வேலை செய்கிறவர். ஒரு தோள் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கம் பை மாட்டுகிறவர். புதியதில் அந்தந்த இடத்தில் உள்ளே ஒரு துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்துவிடுவேன். அவர்கள் கேட்கவும் மாட்டார்கள், வைத்தது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

இவ்வளவு தெரிந்த என்னைப் பார்த்து ஊரே சிரிக்கும்படி ஒரு பட்டம் செய்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். விடியுமுன் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஒரு நாள் அவர் இருந்த பகுதியையே மூடி, ஓய்வு வயது வருவதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதலில் எனக்குச் சந்தோஷம்தான். மார்க்கெட்டுக்குப் போக ஆள், நூல் வாங்கி வர ஆள், கேஸைத் தூக்கி வைக்க ஆள். அதெல்லாம் கொஞ்ச நாள்தான். பிறகு டிவிக்கு முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. டிவி ஓடும், அவர் பார்க்கமாட்டார். சவரம் செய்வதை விட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் "ம்". குழம்பு எப்படி என்றால் "ம்". ஒரு நாள் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தேன், அதற்கும் "ம்". எனக்குப் பயம் வந்துவிட்டது. எனக்குப் பயம் வந்தால் அது ஏச்சாகத்தான் வெளியே வரும். அந்த நாட்களில் அவரை நிறைய ஏசினேன். அதற்கும் அவர் "ம்" என்றார்.

பட்டம் வந்தது செகிஞ்சானிலிருந்து. தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்த சீனர் ஒருவர், தன் முழங்கால் இனிமேல் வயலில் ஓடவிடாது என்று சொல்லி, தன்னுடைய ஸ்போர்ட் கைட்டை இவரிடம் கொடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்த பட்டம் வேறு. எஸ்டேட்டு லயத்தில் பட்டம் என்றால் பழைய பேப்பர், ஈர்க்குச்சி, சோற்றுப் பருக்கை. கிழிந்தால் எறிந்துவிட்டு இன்னொன்று. இதை விரித்தால் என் வெட்டு மேசை போதவில்லை. கறுப்புக் குச்சிகள், மாம்பழ மஞ்சளும் ஊதாவுமாகப் பாராசூட் துணி, வலது கைக்கு ஒரு கயிறு, இடது கைக்கு ஒரு கயிறு. வலதை இழுத்தால் வலப்பக்கம் பாயும், இடதை இழுத்தால் இடப்பக்கம். தலைகீழாகப் பாய்ந்து வந்து, தரையைத் தொடுகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு, தொடாமல் மேலே போக வேண்டும். என் வீட்டுக்காரர் கையில் அது போக்கெல்லாம் காட்டாது, நேராக வந்து தொட்டுவிடும்.

நெல் அறுப்பு முடிந்த பிறகு சுங்கை பஞ்சாங் வயல்களில் காற்றை மறிக்க ஒன்றும் இருக்காது. அங்கே போய் முதல் நாள் விட்டுவிட்டு வந்தார். முழங்கால் வரை சேறு, மூக்கு வெயிலில் வெந்து சிவந்திருந்தது. கால்கூடக் கழுவாமல் சமையற்கட்டுக்கு வந்து பேச ஆரம்பித்தவர், சாப்பாடு முடிந்தும் நிறுத்தவில்லை. அன்றைக்கு மறுசோறு கேட்டார். நான் போட்டுவிட்டு, அடுப்பைத் துடைக்கிறவள் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் அழுவது தெரிந்தால் பேச்சை நிறுத்திவிடுவாரோ என்று பயம். துடைத்த அடுப்பையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

ஆகவே அந்தப் பட்டம் பிழைத்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். ஆனால் அது கிழப் பட்டம். புதிதில் சரசரவென்று இருக்க வேண்டிய துணி, பல வருட வெயிலிலும் காற்றிலும் மேல்பூச்சு போய், துவைத்துத் துவைத்துப் பழசான கைக்குட்டை மாதிரி துவண்டு கிடந்தது. அதே மாதிரி இன்னொன்று வாங்கலாம் என்றால், செய்தவர்கள் அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். வேறு மாதிரி அவருக்கு வேண்டாமாம், கை இதற்குப் பழகிவிட்டதாம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் சமையலுக்குக்கூட அவர் இப்படிச் சாட்சி சொன்னதில்லை.

போவார், விடுவார், கிழிசலோடு வந்து என் மேசையில் போடுவார். பட்டத்தின் உறுப்புகளுக்கு அவரிடம் ஆங்கிலப் பெயர்கள் இருந்தன. எனக்கு அவை வாயில் நுழையவில்லை. நுனி எனக்குக் கழுத்து. இரண்டு பக்கமும் விரிவது கை. உள்ளேயிருந்து குச்சி முட்டித் துணியைத் தள்ளிப் பிடிக்கிற இடம் கக்கம். முதலில் போனது கழுத்துதான். தலைகீழாக வந்து குத்தும்போதெல்லாம் அந்த நுனிதானே மண்ணில் இறங்குகிறது. மகளுடைய பழைய பள்ளிக்கூடப் பையின் வாரை வெட்டி, மடித்து, உள்ளும் புறமும் வைத்துத் தைத்தேன். அடுத்துப் போனது கை நுனிகள். அறுத்த நெல்லின் அடிக்கட்டைகளில் இழுபட்டு இழுபட்டுத் தேய்ந்திருந்தன. அவற்றுக்குக் கேன்வாஸ் துண்டு. கக்கம் கிழிந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை, எந்த ரவிக்கையும் அங்கேதான் கிழியும். வட்டமாக வெட்டி ஒட்டுப் போட்டேன். சதுரமாகப் போட்டால் மூலை இழுத்துக் கிழிந்துவிடும்.

ஆனால் பட்டம் எனக்குப் புதிதாக ஒன்று சொல்லிக் கொடுத்தது. ஒட்டுப் போட்ட இடம் கிழியாது. ஒட்டுக்குப் பக்கத்து இடம் கிழியும். கழுத்தைப் பலமாக்கினால் தோள் போயிற்று. தோளைப் பலமாக்கினால் முதுகு போயிற்று. எங்கே பலமில்லையோ அங்கே தேடிப் போய்க் காற்று தன் வேலையைக் காட்டியது. புக்கிட் செந்தோசாவில் இருக்கும் எங்கள் மகளிடம் போனில் புலம்பினேன். "ம்மா, அதுக்குன்னே டேப் இருக்கு லா. ஒட்டுனா போதும். நீங்க தச்சுத் தச்சு ஊசி ஓட்ட விழுது பாருங்க" என்றாள். டேப் ஒட்டவா நான் இத்தனை வருடம் மிஷின் மிதித்தேன் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

அதற்குள் அவருக்கு நன்றாகவே விடத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் தலைக்கனம்கூட வந்திருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில், அடுத்த சனிக்கிழமை சுங்கை பஞ்சாங்கில் பட்டம் விடுகிறவர்கள் எல்லாரும் கூடுகிறோம், வந்து பாருங்கள் என்று பாதரை அழைத்தார். பிறகு பாடகர் குழுவை அழைத்தார். பிறகு பின்வரிசை முழுவதையும் அழைத்தார். மாதக் கணக்கில் "ம்" என்ற ஒரே எழுத்தில் காலம் தள்ளிய மனிதர், காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சபையையே அழைக்கிறார். அவர்கள் வேன் பேசிவிட்டார்கள்.

அந்த வாரம்தான் பின் ஓரம் பிசிறு விட்டது. பறக்கும்போது பின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்குமாம். நான் அதைப் பார்த்ததில்லை. சனிக்கிழமை நான் தைத்த துணிகளைக் கொடுக்கும் நாள், வயலுக்கெல்லாம் போக முடியாது. "பின்னாடி ஓரம் பிசிறு அடிக்குதும்மா. ஒரு பட்ட வச்சு அடிச்சுரு" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். அவர் மனதில் இருந்தது விரல் அகலத்தில் ஏதோ லேசான பட்டை. அதை அவர் சொல்லவில்லை. கீழ் ஓரம் தேய்கிறது, பட்டை வை என்று ஒரு தையல்காரியிடம் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. சேலையின் கீழ் ஓரம் தரையில் உரசித் தேயாமல் இருக்க, உள்பக்கம் நாலு விரல் அகலத்துக்குப் பருத்திப் பட்டை வைத்துத் தைப்போமே, ஃபால்ஸ், அதுதான்.

சும்மா வைக்கவில்லை. மாம்பழ மஞ்சளுக்கு நிறம் பார்த்து எடுத்தேன். பிறகு சுருங்கிவிடக் கூடாதென்று தண்ணீரில் ஊற வைத்து, காய வைத்து, இஸ்திரி போட்டேன். ஒரு விளிம்பு மிஷினில், மறு விளிம்பு கைத்தையல். வெளிப்பக்கம் ஒரு நூல் தெரியாது. அப்படி ஒரு ஃபால்ஸை எந்தக் கல்யாணச் சேலைக்கும் நான் வைத்ததில்லை. மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தேன். வாரம் முழுக்க மழை, அவர் பையைத் திறக்கவே இல்லை.

சனிக்கிழமை மழை விட்டு, கடல் பக்கமிருந்து நல்ல காற்று. துணி கொடுப்பதை ஒத்திவைத்துவிட்டு, முதல் தடவையாக நானும் போயிருந்தேன். வேனிலிருந்து பாய், குடை, வாழையிலையில் கட்டிய தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக், பிளாஸ்க்கில் காப்பி எல்லாம் இறங்கின. பாதர் தொப்பி போட்டிருந்தார். என் வீட்டுக்காரர் பையைத் திறந்து பட்டத்தை விரித்தார். விரித்தவர் அப்படியே நின்றார்.

"என்னம்மா இது?"

"ஃபால்ஸ்."

"ஃபால்ஸா?"

"நீங்கதானே பட்ட வைக்கச் சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார், பாயில் உட்கார்ந்திருந்த சபையைப் பார்த்தார், குச்சிகளை மாட்டினார்.

பட்டம் எழுந்தது. எழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும், பறந்தது என்று சொல்ல முடியாது. சத்தமே இல்லாமல், மேடைக்குப் போகும் கல்யாணப் பெண் மாதிரி அடக்க ஒடுக்கமாகக் கொஞ்ச தூரம் போய், பின்பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டது. மறுபடியும் விட்டார், மறுபடியும் உட்கார்ந்தது. மூன்றாம் தடவை தலைகீழாக வந்து, நான் பை வார் வைத்துத் தைத்த கழுத்து சேற்றில் புதைய நின்றது. கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பின்வரிசைக்காரி ஒருத்தி, நான் ரவிக்கையைப் பிரித்துத் தைக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பியவள், பாயில் இருந்தபடியே கேட்டாள்: "அக்கா, ஃபால் வச்சா அது ஃபால் ஆகாம என்னா லா செய்யும்?"

வயலே சிரித்தது. பாதர் கால்வாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது தெரிந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திருப்பிக் கொடுக்க வாயில் ஒன்று தயாராகவும் இருந்தது. அதற்குள் அவரைப் பார்த்தேன். சேற்றுக்குள் நின்றுகொண்டு கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். முகம் நாற்காலியில் இருந்த முகமாக மாறிப்போயிருந்தது. பக்கத்தில் போய், காற்று போதவில்லையா என்று கேட்டேன்.

"ம்" என்றார்.

கொண்டு வாங்க இங்கே என்று பட்டத்தை வாங்கி வரப்பில் உட்கார்ந்தேன். கைப்பையில் எப்போதும் பிளேடு இருக்கும். மற்றவர்கள் தைத்ததில் தொங்கும் நூலை வெட்டுவதற்காக வைத்திருப்பது. அதை எடுத்து, நானே போட்ட தையலை நானே பிரிக்க ஆரம்பித்தேன்.

அக்கா பிரிக்கிறாங்க என்று செய்தி பரவிவிட்டது. பாய்கள் இடம் மாறி என்னைச் சுற்றி வந்தன. யாரோ போனில் படம் எடுத்தார்கள். நான் திருப்பி அனுப்பிய அத்தனை பேரும் நாசி லெமாக்கைச் சாப்பிட்டுக்கொண்டே, பூசையில்கூட இல்லாத கவனத்தோடு பார்த்தார்கள். ஒருத்தி, கையோடு கையாகத் தன்னுடைய ரவிக்கையின் கை இறுக்கத்தையும் பார்த்துவிட முடியுமா என்று கேட்டாள். அவர் எதிரே குந்தி உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டார். என் தையல் லேசில் வரவில்லை. அந்த நேரத்திலும் அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

ஃபால்ஸ் கையோடு வந்ததும் அவர் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டடி பின்னால் வைத்து இழுத்தார். அது போன வேகத்தில் நான் வரப்பிலிருந்து எழுந்துவிட்டேன். அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். துணிக்கடையில் துணியை விரலால் கிழிப்பார்களே, அந்தச் சத்தம், ஆனால் முடியாமல் நீண்டுகொண்டே போனது. கீழே பாய்ந்து, சேற்றை முகர்ந்துவிட்டு, தொடாமல் மேலே போனது. வட்டம் போட்டது. நடுவானில் அப்படியே நின்றது. கயிற்றின் இந்த முனையில் அவர் சேற்றில் சறுக்கிக்கொண்டு, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரருக்கு இவ்வளவு அழகாக ஒன்று செய்யத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்குக் கர்வமாக இருந்தது.

சத்தம் மாறியது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது. கிழிகிற சத்தத்தை நான் எந்தத் தூரத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். நான் போட்ட ஊசி ஓட்டைகள் பின் ஓரம் நெடுக, தபால் தலையின் விளிம்பு மாதிரி வரிசையாக இருந்தன அல்லவா, அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு துணி கிழிய ஆரம்பித்தது. மஞ்சள் ஓரம் முழுசாகக் கழன்று, வானத்தில் நெளிந்து நெளிந்து கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மீதி உடம்பு இரண்டு மூன்று குட்டிக்கரணம் போட்டது. அவர் எப்படியோ அதைக் கட்டுப்படுத்தி, மெல்லக் கீழே கொண்டுவந்து படுக்க வைத்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது. அதுவும் வித்தையில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். ரொம்ப நேரம் தட்டியவர் பாதர்.

மறுநாள் கோயிலில் எல்லாரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், கடைசியில் வால் விட்டது பிரமாதம் என்றார்கள். "ம்" என்றார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த நாளும் உட்கார்ந்தார், அதற்கு அடுத்த நாளும். டிவியைக்கூடப் போடாமல் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை எனக்கு ஏச்சுக்கூட வரவில்லை. அவர் பக்கம் போகாமல், மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். கிழிந்த பட்டம் ஸ்டோர் அறையில் கிடந்தது. இனி அதில் ஒட்டுப் போடத் துணி இல்லை, ஒட்டுதான் மிச்சம்.

ஒரு வாரத்துக்கு மேல் போயிருக்கும். மத்தியானம் ஒரு ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தேன். வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள். வாடிக்கைக்காரர்கள் தட்டுகிற தட்டு. எட்டிப் பார்த்தால் இவர் நிற்கிறார். பின்வாசல் வழியாகப் போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்திருக்கிறார். சவரம் செய்திருந்தார். கையில் பிளாஸ்டிக் பை.

"அளவுக்குப் பழசு கொண்டாந்திருக்கேன்" என்றார்.

பையில் மேலே இருந்தது அந்தப் பட்டம், குச்சிகள் உருவி, ரவிக்கை மாதிரி மடித்து. அதற்குக் கீழே புதுப் பாராசூட் துணி, தொட்டால் சரசரவென்றது. நாற்காலியில் உட்கார்ந்து போனில் தேடித் தேடி வரவழைத்திருக்கிறார். மகளும் கூட்டு. இரண்டு பேரும் என்னிடம் மூச்சு விடவில்லை. நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

மேசையில் பழையதை விரித்தேன். ஓரமில்லாமல், ஒட்டு ஒட்டாகக் கிடந்தது. ஆனால் கழுத்து எப்படி அடிபடும், கக்கத்தில் எவ்வளவு முட்டும், எந்தக் கை நுனி அதிகம் தேயும் என்று அது ஒன்று விடாமல் சொன்னது. இடது கைதான் அதிகம் தேய்ந்திருந்தது. இவர் இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறவர். இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது. உள்ளே எங்கெங்கே துண்டு வைக்க வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் புதுத் துணியில் குறிக்க ஆரம்பித்தேன். அவர் உள்ளே போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, துணியின் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாரிடமும் கேட்பதைத்தான் அவரிடமும் கேட்டேன். "எப்ப வேணும்?"

"அடுத்த அறுப்புக்குக் குடுத்தா போதும்" என்றார். கொஞ்ச நேரம் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஃபால்ஸ் வேணாம்."